கள்ளும் பாட்டும்

பனங்கள்ளை மீண்டும் அனுமதிக்கலாமா?

தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக நடந்துவரும் வாதம் இது. 2025-ம் ஆண்டு ஜூன் மாதம் 15-ந் தேதி அது மறுபடியும் சூடு பிடித்தது. அன்று தூத்துக்குடி மாவட்டம் பெரியதாழையில், நாம் தமிழர் கட்சியின் தலைமை ஒருங்கிணைப்பாளர் சீமான் பனை மரத்தில் ஏறிக் கள் இறக்கினார். தடையை மீறி நடந்த போராட்டம் அது.

பெரம்பலூர் மாவட்டம் சிறுவாச்சூர் போன்ற ஊர்களுக்கு இது யாரோ எவரோ பேசும் செய்தி அல்ல. திருச்சி-சென்னை நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது சிறுவாச்சூர். மதுரகாளியம்மன் கோயிலால் புகழ் பெற்ற ஊர். வாரத்தில் திங்கள், வெள்ளி ஆகிய இரண்டு நாட்களில் கோயில் நடை திறப்பார்கள். அந்த நாட்களில் கூட்டம் அலைமோதும். சுற்றிலும் மழையை நம்பிய மானாவாரி நிலம். இப்படிப்பட்ட பூமியில் தண்ணீர் ஊற்றாமலே வளரும் மரம் பனை. அந்த மரத்திலிருந்து எதை இறக்கலாம், எதை இறக்கக் கூடாது என்பதுதான் கேள்வி.

இயற்கை மது

மேல் நாடுகளில் இப்போது "இயற்கை ஒயின்" என்று ஒன்றைப் பெருமையாகப் பேசுகிறார்கள். திராட்சைச் சாற்றில் வெளியிலிருந்து நொதியோ மருந்தோ சேர்க்காமல், அது தானாகப் புளித்து மதுவாகும்படி விட்டுவிடுவது இயற்கை ஒயின்.

நம் பனங்கள்ளும் அதே வகைதான். பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டுகிறார்கள். சொட்டுச் சொட்டாகச் சாறு இறங்குகிறது. காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திலேயே அதைப் புளிக்க வைத்துவிடும். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காது. அது பதநீர். தடவாவிட்டால் கள். ஒரே மரம், ஒரே பாளை. வித்தியாசம் ஒரு விரல் சுண்ணாம்பு!

பாட்டால் ருசி மாறுமா?

எந்த மதுவுக்கு எந்த இசை பொருந்தும் என்றும் மேல் நாடுகளில் ஆராய்கிறார்கள்.

1997-ல் இங்கிலாந்தில் ஒரு கடையில் ஒரு சோதனை நடந்தது. பிரெஞ்சு இசையை ஒலிபரப்பிய நாட்களில் பிரெஞ்சு ஒயின் அதிகமாக விற்றது. ஜெர்மன் இசை ஒலித்த நாட்களில் ஜெர்மன் ஒயின் விற்பனை ஏறியது. பாட்டுத்தான் தங்களை இழுத்தது என்று வாங்கியவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியவே இல்லை.

அதே ஆராய்ச்சியாளர் அட்ரியன் நார்த் பிறகு இன்னொரு சோதனை செய்தார். சுமார் 250 பேருக்கு ஒயினைக் கொடுத்து, வேறு வேறு இசையைக் கேட்கச் செய்தார். கம்பீரமான இசையைக் கேட்டவர்கள் ஒயின் கனமாக இருக்கிறது என்றார்கள். மெல்லிய இசையைக் கேட்டவர்கள் மென்மையாக இருக்கிறது என்றார்கள். காது கேட்டதை நாக்கு நம்பிவிட்டது!

அவ்வை கண்ட சபை

தமிழனுக்கு இது புதிதல்ல. அதியமான் இறந்தபோது அவ்வையார் பாடிய புலம்பல் புறநானூற்றில் இருக்கிறது. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் அதைப் புலவர்களுக்கே கொடுத்துவிடுவானாம் அந்த வள்ளல். நிறையக் கிடைத்தால், புலவர்கள் பாட, அவனும் கேட்டு மகிழ்ந்து அருந்துவானாம். பொருநராற்றுப்படையில், கரிகால் சோழன் தன்னை நாடி வந்த கலைஞனுக்குப் பொற்கலத்தில் மது கொடுத்து உபசரிக்கிறான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கள் சபையில் இருந்தது. பத்துப் பேர் பார்க்க, பாட்டோடு சேர்ந்து இருந்தது.

கருங்கடல் ஓரத்தில் உள்ள ஜார்ஜியா நாட்டில் இந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. பெரிய மண் ஜாடியைப் பூமியில் புதைத்து, அதில் திராட்சைச் சாற்றைப் புளிக்க வைப்பார்கள். விருந்தில் பலர் சேர்ந்து பல குரலில் பாடுவார்கள். எப்போது குடிப்பது, யாரை வாழ்த்திக் குடிப்பது என்று சொல்ல ஒரு தலைவர் இருப்பார். ஜார்ஜியரின் கூட்டுப் பாட்டை 2001-லும், மண் ஜாடி ஒயின் முறையை 2013-லும் யுனெஸ்கோ அங்கீகரித்தது. 1977-ல் அமெரிக்கா விண்ணில் ஏவிய வாயேஜர் கலத்தில் வைத்த இசைத்தட்டில் ஜார்ஜியப் பாட்டு ஒன்றும் இருக்கிறது.

பாட்டு எதிர்ப்பக்கம் போனது

நம் நாட்டில் கதை வேறு விதமாகப் போயிற்று. கள் சபையை விட்டுக் கடைக்குப் போனது. கூலி வாங்கியவன் வீட்டுக்கு வருமுன் கடைக்குப் போனான். பெண்கள் கொதித்தார்கள். 1921-ல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னே நின்றார்கள். 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948-ல் அது மாகாணம் முழுவதும் பரவியது.

கலையும் குடிக்கு எதிராகத் திரும்பியது. 1949-ல் வந்த "நல்லதம்பி" படத்தில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் மதுவிலக்கை மக்கள் மனத்தில் பதிய வைத்தார். கதை வசனம் அறிஞர் அண்ணா.

1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது. பிறகு திரும்பி வந்தது. 1981-ல் மறுபடியும் தளர்ந்தது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது. 1987 ஜனவரி 1-ந் தேதி முதல் சாராயக் கடைகளும் கள்ளுக்கடைகளும் மூடப்பட்டன. ஆலையில் செய்த புட்டி மது மட்டும் நின்றது. 2003 முதல் அதன் சில்லரை விற்பனையையும் டாஸ்மாக்கே ஏற்றுக்கொண்டது.

2015 அக்டோபரில் பாடகர் கோவன் திருச்சியில் கைது செய்யப்பட்டார். டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடியதற்காக அவர் மீது தேசத்துரோக வழக்குப் போடப்பட்டது. ஒரு காலத்தில் மதுவுடன் பாடியவருக்குப் பொற்கலம் கிடைத்தது. மதுவுக்கு எதிராகப் பாடியவருக்குச் சிறை கிடைத்தது!

இரண்டு பக்க நியாயம்

கள் வேண்டும் என்பவர்கள் சொல்வது என்ன? புட்டி மதுவில் உள்ள போதையில் கள்ளில் இருப்பது சிறு பங்குதான். பணம் ஊரிலேயே தங்கும். பனை ஏறும் தொழிலாளிக்குக் கூலி கிடைக்கும். பயன் தரும் மரத்தை யாரும் வெட்ட மாட்டார்கள். ஏழைகள் கள்ளச் சாராயத்தைத் தேடிப் போக மாட்டார்கள். 2024 ஜூன் மாதம் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 65-க்கும் மேற்பட்டோரைப் பலி வாங்கியதை அவர்கள் சுட்டிக் காட்டுகிறார்கள்.

வேண்டாம் என்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. பனை எல்லா மாதமும் சுரப்பதில்லை. சாறு குறைந்து, கேட்பவர் கூட்டம் பெருகினால் கலப்படம் நுழையும். கள்ளுக்கு அனுமதி உள்ள கேரளத்திலே, 2010-ல் மலப்புரம் மாவட்டத்தில் கலப்படக் கள் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இயற்கை என்ற பெயர் இருந்தால் மட்டும் போதாது. கலயத்தில் இருப்பதும் இயற்கையாக இருக்க வேண்டும்.

குடும்பம் கேட்கும் கேள்வி

கள் நம் பண்பாடு, பாட்டோடு பிறந்தது என்று பேசுவது காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் பாட்டு மதுவின் ருசியை மாற்றும். மதுவின் கேட்டை மாற்றாது. அவ்வையின் பாட்டைச் சாட்சிக்கு அழைத்துக் கடையைத் திறக்கவும் முடியாது. பழைய கண்ணீரைச் சொல்லிக்கொண்டு புட்டிக் கடையை மட்டும் வைத்திருப்பதற்கும் நியாயம் கிடையாது.

பனையேறிக்கு என்ன கூலி? கலப்படத்தை யார் சோதிப்பார்? வீட்டுக்கு வந்து சேரும் பணம் கூடுமா, குறையுமா? இந்த மூன்றுக்கும் விடை சொல்லிவிட்டுத்தான் கள் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ முடிவு செய்ய வேண்டும்.

அதுவரை, பதநீருக்கும் கருப்பட்டிக்கும் நல்ல விலை கிடைக்க வழி செய்யலாம். அதற்குத் தடை எதுவும் இல்லை. சிறுவாச்சூர் வட்டாரத்து அம்மன் கோயில்களில் பம்பையும் உடுக்கையும் முழங்கும்போது குழந்தை முதல் கிழவர் வரை மெய்ம்மறந்து நிற்கிறார்கள். அந்த இசையை ரசிக்க யாருக்கும் ஒரு சொட்டு மதுவும் தேவைப்படவில்லை.