பெட்டியின் அடியில் வைக்க வேண்டாம்!



விடுமுறை முடிந்து துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ திரும்பும் பிள்ளைக்குப் பெட்டி கட்டிக் கொடுப்பது நம் வீடுகளில் பெரும்பாலும் தாய்மாரின் வேலையாகவே இருந்து வருகிறது. இராஜபாளையமாயினும் ஸ்ரீவில்லிபுத்தூராயினும் அந்த வேலைக்கென ஓர் ஒழுங்கு உண்டு. கனமானவை அடியில் போகும். உடையக்கூடியவை துணிமணிகளுக்கு நடுவில் போகும். பால்கோவா டப்பா கடைசி நேரத்தில் வாங்கப்பட்டு மேலே அமரும். விலை கூடிய சிறு பொருள் எதுவாயினும் அதனைக் கைலி மடிப்பில் நன்றாகச் சுற்றி, எவர் கண்ணிலும் படாதவாறு பெட்டியின் அடியில் பத்திரப்படுத்துவதே நம்மவரின் வழக்கம். செல்போனுக்கு மின்னூட்டும் பவர் பேங்க்கும் அவ்வாறே துணிக்குள் சுற்றப்பட்டு அடியில் போய்ச் சேர்கிறது.

அன்பின் காரணமாகச் செய்யப்படும் இச்செயல் விமானப் பயணத்தைப் பொறுத்தவரை முற்றிலும் தலைகீழானது. பவர் பேங்க்கும் தனியே எடுத்துச் செல்லும் பேட்டரிகளும் விமானத்தின் அடிவயிற்றில் ஏற்றப்படும் பெரிய பெட்டிக்குள் ஒருபோதும் இருக்கக் கூடாது. அவை பயணியின் கைப்பையில், அவர் கண் பார்வையில்தான் இருக்க வேண்டும். இது உலக நாடுகள் அனைத்தும் ஏற்றுக்கொண்ட விதி.

ஏன் இவ்விதி? ஆபத்தான பொருளெனில் மனிதர்கள் அமரும் இடத்திலிருந்து அதனைத் தொலைவில் வைப்பதல்லவா அறிவுடைமை எனச் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே.

சிவகாசி நமக்கு அண்டை ஊர். உராய்வும் வெப்பமும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதை இந்த மாவட்டத்து மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் லித்தியம் பேட்டரியின் நெருப்பு நாமறிந்த நெருப்பினின்றும் வேறானது. அதன் உள்ளே நேர்முனையும் எதிர்முனையும் ஒன்றையொன்று தொடாதபடி மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று தடுத்து நிற்கிறது. அவ்விரண்டுக்கும் இடையே நிரம்பியிருப்பது எளிதில் தீப்பற்றும் திரவம். பேட்டரி நசுங்கினாலோ, கீழே விழுந்து அடிபட்டாலோ, தயாரிப்பில் குறை இருந்தாலோ அந்தத் தாள் கிழிகிறது. உடனே உள்ளுக்குள் வெப்பம் எழுகிறது. அவ்வெப்பமே மேலும் வெப்பத்தைப் பெருக்குகிறது. ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குத் தாவுகிறது. நேர்முனையிலுள்ள உலோகச் சேர்மம் சூடேறும்போது ஆக்ஸிஜனையும் தானே வெளியிடுவதால், கம்பளியைப் போட்டு மூடி அணைத்துவிட்டோம் என்று நிம்மதி கொள்ளவும் இயலாது. அதற்கு வேண்டியது குளிர்ச்சி. ஏராளமான தண்ணீர் வேண்டும்; அதனை ஊற்ற ஒரு மனிதக் கை வேண்டும்.

பெட்டிகள் ஏற்றப்படும் அடித்தளத்தில் அந்தக் கை இல்லை. அங்கே தீயணைப்பு வாயு இருக்கிறது. அது சுவாலையை அடக்கும். ஆனால் கொதிக்கும் பேட்டரியைக் குளிர்விக்காது. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து புறப்பட்ட யுபிஎஸ் நிறுவனத்தின் சரக்கு விமானத்தில், லித்தியம் பேட்டரிகள் ஏற்றப்பட்டிருந்த இடத்தில் தீ மூண்டது. புகை விமானிகளின் அறையை நிறைத்தது. துபாய்க்கே திரும்பி இறங்க முயன்ற அவ்விமானம் விழுந்து நொறுங்கியது. விமானிகள் இருவரும் உயிரிழந்தனர்.

அதற்கு நேர்மாறான நிகழ்ச்சி நம் மாநிலத்துக்கு வந்த விமானத்திலேயே நடந்திருக்கிறது. 2016 செப்டம்பர் 23 அன்று சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த இண்டிகோ விமானத்தில், இருக்கைக்கு மேலுள்ள பெட்டி அடுக்கிலிருந்து புகை நாற்றம் வருவதைப் பயணிகள் உணர்ந்து ஊழியரிடம் கூறினர். அங்கிருந்த பை ஒன்றில் சாம்சங் நோட் 2 செல்போன் புகைந்துகொண்டிருந்தது. ஊழியர்கள் அப்பகுதிப் பயணிகளை வேறிடம் மாற்றினர், தீயணைப்பானைப் பயன்படுத்தினர், பின்னர் அந்தப் போனைக் கழிப்பறையில் தண்ணீர் நிரம்பிய பாத்திரத்துள் அமிழ்த்தினர். விமானம் சென்னையில் நலமாகத் தரையிறங்கியது. அதே போன் அடித்தளத்துப் பெட்டியில் நான்கு மடிப்புத் துணிக்குள் இருந்திருந்தால் அந்த நாற்றத்தை யார் நுகர்ந்திருப்பார்கள்?

மேலடுக்கும் முழுப் பாதுகாப்பன்று என்பதை 2025 ஜனவரி 28 காட்டியது. தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில், புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானத்தின் மேலடுக்கில் தீப்பிடித்துக் கூரையே எரிந்துபோனது. உள்ளே இருந்த 176 பேரும் உயிருடன் வெளியேறினர். பவர் பேங்க்கே காரணமாக இருக்கக்கூடும் என விசாரணையாளர்கள் கருதினர். அதன்பின் கொரியா, பவர் பேங்க்கை மேலடுக்கில் வைப்பதைத் தடை செய்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதல் விமானத்தினுள் அதனைப் பயன்படுத்தக் கூடாதென்றது. நம்மவர் மிகுதியாகச் செல்லும் எமிரேட்ஸ், 2025 அக்டோபர் முதல் ஒருவருக்கு ஒரு பவர் பேங்க் மட்டுமே, அதுவும் 100 வாட் மணிக்குக் குறைவாகவே இருக்க வேண்டும், விமானத்தில் உபயோகிக்கக் கூடாது என விதித்தது. அதே மாதம் 19ஆம் தேதி தில்லியிலிருந்து திமாப்பூருக்குப் புறப்பட நகர்ந்துகொண்டிருந்த இண்டிகோ விமானத்தில், இருக்கையின் பின்பையில் வைத்திருந்த பவர் பேங்க் தீப்பற்றியது. கைக்கெட்டும் இடத்தில் இருந்தமையால் ஊழியர்கள் உடனே அணைத்துவிட்டனர்.

வாட் மணி என்றவுடன் மலைக்க வேண்டாம். பவர் பேங்க்கின் முதுகில் எம்ஏஎச் என்ற எழுத்துகளுடன் அச்சிட்டிருக்கும் எண்ணை 3.7 ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் அதுவே வாட் மணி. 10,000 எனில் 37. 20,000 எனில் 74. இவை தாராளமாகச் செல்லும். 30,000 எனில் 111 ஆகிவிடும். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். 160க்கு மேல் அறவே கூடாது. கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் சில கருவிகள் 50,000 என்று பெருமை பேசும். உள்ளே அவ்வளவு இருக்கிறதோ இல்லையோ, சோதனை செய்யும் அதிகாரி படிப்பது அந்த எழுத்தைத்தான்! எழுத்து அழிந்துபோன பவர் பேங்க்கும் தொல்லையே. வீங்கியதாகத் தெரிவதை வீட்டைவிட்டே எடுத்துச் செல்ல வேண்டாம்.

இனி, தாய்மார்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்றுக்கு வருகிறேன்.

பேனாவைப் போன்றோ, விரல் நீளப் பெட்டியைப் போன்றோ ஒரு கருவி பிள்ளையின் உடைமைகளுக்கிடையே கிடக்கலாம். ஒரு முனையில் வாய் வைக்கத்தக்க துளை இருக்கும். மாம்பழமோ புதினாவோ மணக்கும். என்னவென்று அறியாத அம்மா அதனையும் துடைத்து, துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிடுவார். அது வேப் எனப்படும் மின்சிகரெட். நிக்கோட்டின் கலந்த திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கருவி. பவர் பேங்க்கில் இருப்பது பேட்டரி மட்டுமே; இதிலோ பேட்டரியுடன் சூடேறும் கம்பிச்சுருளும் இருக்கிறது. பெட்டிக்குள் மற்றப் பொருள்கள் அழுத்திப் பொத்தான் இயங்கிவிட்டால், அச்சுருள் துணிகளுக்கு நடுவிலேயே காயத் தொடங்கும். இது கற்பனையன்று. 2014 ஆகஸ்டு 9 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் விமான நிலையத்தில் விமானத்தின் சரக்கறையில் மூண்ட தீக்கு, பெட்டியொன்றில் இருந்த மின்சிகரெட்டே காரணம். 2015 ஜனவரி 4 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில், இணைப்பு விமானத்தைத் தவறவிட்டுத் தரையில் தங்கிவிட்ட பெட்டி எரியக் காணப்பட்டது. அதற்குள்ளும் மின்சிகரெட்! அந்தப் பெட்டி தவறாமல் ஏறியிருந்தால் வானத்தில் எரிந்திருக்கும். அவ்வாண்டே சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, இக்கருவி அடித்தளப் பெட்டிகளில் செல்வதைத் தடுத்தது.

அப்படியானால் கைப்பையில் வைக்கலாமே எனின், இந்தியாவுக்கு வருபவருக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. தமிழக அரசு 2018லேயே மின்சிகரெட்டைத் தடை செய்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசின் அவசரச் சட்டமும், அவ்வாண்டு இறுதியில் நிரந்தரச் சட்டமும் வந்தன. வெளிநாட்டிலிருந்து நாட்டுக்குள் கொண்டுவருவதே அச்சட்டப்படி இறக்குமதி. முதன்முறை குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். துபாயில் 2019 முதல் கடையில் வெளிப்படையாக விற்கும் பொருள்தானே என்று மைத்துனனுக்கு அன்பளிப்பாக வாங்கி வருபவர், மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ சுங்க அதிகாரியின் முன் நிற்கும் போதுதான் இதனை அறிகிறார். ஆகவே ஊர் திரும்பும் பயணத்தில் இக்கருவிக்குப் பெரிய பெட்டியிலும் இடமில்லை, கைப்பையிலும் இடமில்லை.

சிங்கப்பூர் செல்வோர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அங்கே 2018 பிப்ரவரி முதல் வைத்திருப்பதே குற்றம். 2025 செப்டம்பர் முதல் தண்டனை கடுமையாக்கப்பட்டு, முதன்முறை பிடிபடும் பெரியவருக்கே 700 சிங்கப்பூர் வெள்ளி அபராதம். திரும்பத் திரும்பப் பிடிபடும் அயல்நாட்டவர் வேலை அனுமதியை இழந்து நாடு கடத்தப்படவும் நேரிடும். கத்தாரிலும் தாய்லாந்திலும் தடை உண்டு. கடன் வாங்கி, நகை விற்றுப் பெற்ற வேலை ஒரு விரல் நீளக் கருவியால் போய்விடுமெனில், அதைப் பற்றி வீட்டில் வாய் திறந்து பேசுவதில் என்ன கூச்சம்? புகைக்கிறானா என்று மகனை விசாரிக்க அத்தாவுக்குச் சங்கடமாயின், சட்டத்தைப் பற்றியாவது பேசலாம்.

பிறர் தரும் பொட்டலங்களும் உண்டல்லவா? "ஊருக்குத்தானே போகிறீர்கள் மாமா, இதைத் தம்பியிடம் சேர்த்துவிடுங்கள்" என்று விமான நிலையத்துக்குப் புறப்படும் வேளையில் ஒருவர் நீட்டுவார். மறுப்பது நம் பண்புக்கு ஒவ்வாததாகத் தோன்றும். ஆயினும் பிரித்துப் பார்த்தே வாங்குங்கள். சுங்கச் சோதனையில் பதில் சொல்ல வேண்டியவர் கொடுத்தவரல்லர், சுமந்தவரே.

உம்ராவுக்குப் புறப்படும் முதியோருக்குப் பெட்டி கட்டும்போது, கழுத்தில் மாட்டும் சிறு விசிறி, டார்ச் விளக்கு, கூடுதல் பேட்டரி ஆகியவற்றைத் தனியே எடுத்து ஒரு சிறு பையில் போட்டுவிடுங்கள். தனிப் பேட்டரிகளின் முனைகளில் ஒட்டுநாடா ஒட்டுங்கள், அல்லது ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் இடுங்கள். சாவிக்கொத்தோ சில்லறைக் காசோ முனைகளை இணைத்துவிட்டால் அதுவே போதும் தீ மூள. மின்சாரச் சக்கர நாற்காலி கொண்டு செல்வதாயின், பயணச்சீட்டு வாங்கும்போதே விமான நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

பலரும் அறியாமல் தவறும் இடம் ஒன்றுண்டு. விமானம் நிறைந்துவிட்டால் வாசலிலேயே கைப்பெட்டியை வாங்கி அடித்தளத்தில் ஏற்றிவிடுவார்கள். அவசரத்தில் பயணியும் கொடுத்துவிடுவார். பவர் பேங்க் அதனுள்ளேயே போய்விடும். ஆகவே அதனைக் கைப்பெட்டியில் அன்றி, தோளில் மாட்டும் சிறு பையில் வைத்திருங்கள். பெட்டியைக் கேட்டால் தயக்கமின்றிக் கொடுத்துவிடலாம்.

உறங்கும்போது செல்போன் இருக்கையின் இடுக்கில் விழுந்துவிட்டால், இருக்கையை முன்னும் பின்னும் அசைத்து எடுக்க முயல வேண்டாம். இருக்கையின் இரும்புப் பாகம் அதனை நசுக்கிவிடும். பொத்தானை அழுத்தி விமானப் பணிப்பெண்ணை அழையுங்கள். எப்படி எடுப்பதென்பதற்கு அவர்கள் பயிற்சி பெற்றிருக்கிறார்கள்.