பாம்போட கலரைப் பார்க்காதீங்க, கடிகாரத்தைப் பாருங்க

நாரணாபுரத்துல இருந்து ஒரு தம்பி போன வாரம் ஒரு ரீல்ஸ் அனுப்பியிருந்தார். கண்ணாடித் தொட்டிக்குள்ள ஒரு பாம்பு. வெள்ளை, ஆரஞ்சு, ரோஸ்னு பட்டை பட்டையா, தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் மாதிரி இருக்கு. "சார், இது மில்க் ஸ்நேக்காம். விஷமே கிடையாதாம். கேட்ட கலர்ல கிடைக்குதாம். வாங்கி வளர்க்கலாமா?"

பதில்: வேண்டாம் தம்பி. ஆனா அந்தக் கேள்வி என்னை வேற ஒரு இடத்துக்குக் கொண்டுபோயிருச்சு. அதனாலதான் இந்த நீளமான இழை. பொறுமையாப் படிங்க.

மில்க் ஸ்நேக் அமெரிக்கக் கண்டத்துப் பாம்பு. மாட்டுத் தொழுவத்துல அடிக்கடி தட்டுப்படும். மடியில வாய் வச்சுப் பால் குடிக்குதுன்னு அந்த ஊர்க்காரங்க நம்பினதால இந்தப் பேர். நம்ம ஊர்ல சாரைப்பாம்பு மேல சொல்றதும் இதே கதைதானே? எந்தப் பாம்பாலயும் பாலை உறிஞ்ச முடியாது. தொழுவத்துக்கு அது வர்றது எலிக்காக.

இயல்புல அதோட நிறம் சிவப்பு, கறுப்பு, மஞ்சள் அல்லது வெள்ளை. அப்புறம் எப்படி இத்தனை கலர்? சிவகாசி ஆட்களுக்கு இதைச் சொல்றது ரொம்பச் சுலபம். ஆஃப்செட் மெஷின்ல நாலு கலர் பிளேட் போட்டு காலண்டர் அடிக்கிறோம். கறுப்பு பிளேட்டை எடுத்துட்டு அடிச்சா படம் எப்படி வரும்? அதுதான் அல்பினோ. மெலனின் இருக்காது, சிவப்பும் வெளிர் ஆரஞ்சும்தான் நிக்கும். சிவப்பு பிளேட்டை எடுத்தா கறுப்பும் சாம்பலும் மட்டும். ரெண்டையும் எடுத்தா வெளுத்த பாம்பு, அதுக்கு 'ஸ்நோ'ன்னு பேர். இதெல்லாம் ஒடுங்கு மரபணு சமாச்சாரம். பார்க்க சாதாரணமா இருக்கிற ரெண்டு பாம்புகிட்டயும் அந்த மரபணு மறைஞ்சிருந்தா, குட்டிகள்ல சராசரியா நாலுல ஒண்ணு அல்பினோவாப் பொறக்கும். வளர்க்கிறவங்க ஜோடி பார்த்துச் சேர்த்துச் சேர்த்துதான் இந்தக் கலர் கடையே நடக்குது. பட்டை உடைஞ்சு, ஒட்டி, கோணல்மாணலா வர்றதையும் தேர்ந்தெடுத்துப் பெருக்குறாங்க.

விஷயம் இதுதான்: எந்த பிளேட்டை எடுத்தாலும் காகிதம் அதே காகிதம். தோல் நிறம் மாறினா உள்ள இருக்கிறது மாறாது. 2023-ல கோயம்புத்தூர்ல ஒரு வெள்ளை நல்ல பாம்பு பிடிபட்டது செய்தியா வந்துச்சே, அது கடிச்சாலும் நல்ல பாம்பு கடிச்சதுதான். 'கருநாகத்துக்கு விஷம் ஜாஸ்தி'ன்னு சொல்றதும் தப்பு. நம்ம நல்ல பாம்பே கோதுமை நிறத்துல இருந்து கறுப்பு வரைக்கும் வரும்.

அமெரிக்காவுல இன்னொரு கூத்து. விஷமுள்ள பவளப்பாம்பும் மில்க் ஸ்நேக்கும் ஒரே மாதிரி பட்டை. அதனால எந்த நிறம் எந்த நிறத்தைத் தொட்டா ஆபத்துன்னு பிள்ளைங்களுக்கு ஒரு பாட்டே சொல்லிக் குடுப்பாங்க. மத்திய, தென் அமெரிக்கப் பவளப்பாம்புகள்கிட்ட அந்தப் பாட்டு எடுபடாது.

நம்ம ஊர்லயும் அப்படி ஒரு ஜோடி இருக்கு. கட்டுவிரியன், சுவர்ப்பாம்பு. ரெண்டும் கருப்பு உடம்பு, வெள்ளைக் கோடு. ரெண்டும் ராத்திரி உலாத்தும். பொதுவா கட்டுவிரியனுக்குக் கோடு கழுத்துப் பக்கம் மங்கி, வால் பக்கம் தெளிவா இருக்கும். சுவர்ப்பாம்புக்கு அப்படியே தலைகீழ். ஆனா கோடு ஏறக்குறைய அழிஞ்சுபோன கட்டுவிரியனும் உண்டு. அர்த்த ராத்திரியில செல்போன் டார்ச் வெளிச்சத்துல இதை யார் எண்ணுறது?

ஒரு கேஸ் சொல்றேன். பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போற அக்கா. தரையில பாய் விரிச்சுத் தூங்கினவங்க. ராத்திரி ஒரு மணிக்குக் கையில சுருக்குன்னு இருந்திருக்கு. சுவர் ஓட்டைக்குள்ள பாம்பு போறதை வீட்டுக்காரர் போட்டோ எடுத்து வாட்ஸப் குரூப்புல போட்டிருக்கார். "சுவர்ப்பாம்புதான், பயப்படாதீங்க"ன்னு பதில். கடிவாயில வீக்கம் இல்ல, வலியும் இல்ல. அதனால நம்பிட்டாங்க. மூணு மணிக்கு வயித்துவலி. கேஸ்னு நினைச்சு மாத்திரை. எங்ககிட்ட வரும்போது மணி ஆறு. கண் இமை தூக்க முடியல, பேச்சு குழறுது, எச்சில் முழுங்க முடியல. விஷமுறிவு மருந்து ஏத்தி, மூச்சுக்குழாய்ல டியூப் போட்டு, 108-ல பையை அமுக்கிக்கிட்டே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பல நாள் வென்டிலேட்டர்ல இருந்து பிழைச்சு வந்தாங்க. கட்டுவிரியன் விஷம் நரம்பு நுனியைச் சேதப்படுத்திட்டா, அதுக்கப்புறம் எத்தனை பாட்டில் ஏத்தினாலும் அந்தச் சேதம் திரும்பாது. நரம்பு தானா சரியாகுற வரைக்கும் மெஷின்தான் மூச்சு விடணும். நேரம்தான் முக்கியம்னு கத்துறதுக்குக் காரணம் இதுதான்.

இன்னொண்ணையும் தெரிஞ்சுக்கங்க. நம்ம நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் சேர்த்தே தயாராகுது. பாம்பு பேர் தெரியலைன்னாலும் வைத்தியம் நிக்காது. அறிகுறியைப் பார்ப்போம். ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாய்ல 20 நிமிஷம் வச்சு உறையுதான்னு பார்ப்போம். பாம்பை அடிச்சுப் பையில போட்டுத் தூக்கிட்டு வராதீங்க. துண்டான தலைகூடக் கொஞ்ச நேரம் கடிக்கும். கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காம 108-க்குப் போன் பண்ணுங்க.

பாம்பு ஆர்வலர் நண்பர்கள் சண்டைக்கு வருவாங்க: "அடையாளம் சொல்லிக் குடுத்தாத்தானே சாரையை அடிக்காம விடுவாங்க?" நியாயம். பகல்ல, கடிபடாத நாள்ல தாராளமாச் சொல்லிக் குடுங்க. கடிபட்ட பிறகு குரூப்புல தீர்ப்பு சொல்லாதீங்க. "ஆஸ்பத்திரிக்குப் போங்க"ன்னு ரெண்டே வார்த்தை போதும். 2000-லிருந்து 2019 வரை இந்தியாவுல வருஷத்துக்குச் சராசரியா 58,000 பேர் பாம்புக்கடியில செத்திருக்காங்கன்னு ஆய்வு மதிப்பிடுது. 2024 நவம்பர்ல தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்யவேண்டிய நோயாக்கியிருக்கு. ஒவ்வொரு கேஸும் கணக்குல ஏறணும், அதுக்கும் நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்தாகணும்.

இப்ப தம்பிக்கு. 2023 ஏப்ரல்ல கோலாலம்பூர்ல இருந்து வந்த ஒரு பயணியோட பெட்டியில 22 பாம்பு சென்னை ஏர்போர்ட்ல பிடிச்சாங்க. அதே ஜூலையில திருச்சியில 47 மலைப்பாம்புக் குட்டி. டப்பாவுக்குள்ளயும் பைக்குள்ளயும் திணிச்சுக் கொண்டுவந்த சரக்கு இது. ரீல்ஸ்ல வர்ற தொட்டிப் பாம்பு எந்த வழியா வந்துச்சுன்னு யார் சொல்வா? இன்னொரு பயமும் இருக்கு. உங்க தொட்டிப் பாம்பைத் தூக்கி விளையாடுற தெருப் பிள்ளைங்க, பட்டை போட்ட பாம்பு ஒண்ணும் பண்ணாதுன்னுதான் கத்துக்கும். உங்க ஊரைச் சுத்திக் கருவேலங்காடு. அங்க பட்டை போட்டது எதுன்னு மேலயே சொல்லிட்டேன்.

இதையெல்லாம் எழுதி அனுப்பினதுக்கு அவர் பதில்: "அப்ப மீன் தொட்டி வைக்கட்டுமா சார்?"

வைங்க தம்பி. மிச்சக் காசுல அம்மாவுக்கு ஒரு கட்டிலும் கொசுவலையும் வாங்குங்க. வலையோட ஓரத்தை மெத்தைக்கு அடியில செருகிவிடுங்க.