முத்தும் முறுவலும்

மகளிர் முறுவலுக்குக் கொற்கை முத்தை உவமை கூறினர் சங்கச் சான்றோர். குற்றால மலையிற் பிறக்கும் சிற்றாறு கலக்கும் பொருநையின் பண்டைத் துறையே கொற்கையாதலின், அவ்வுவமை நம்மூர்க்கு உரியதெனல் தகும். அது நிறத்தளவில் நில்லாது பிறப்பு முறையிலும் பொருந்துமாறு கண்டு வியந்தோம்.

சிப்பியின் உடற்போர்வையிலுள்ள எபிதீலியச் செல்கள் சுண்ணத்தையும் புரதத்தையும் சுரந்து முத்தை ஆக்குகின்றன. பல்லின் மேலுறையாகிய எனாமலை ஆக்குவனவும் எபிதீலியச் செல்களே. கரு ஆறாம் வாரம் எய்துங்கால், வாயின் உட்படலம் தடித்துக் கீழிறங்கிப் பல்லரும்பாகிறது. உரிய பருவத்தில் அதன் செல்கள் அமெலோஜெனின் முதலிய புரதங்களைச் சுரக்கும். அப்புரதம் கட்டடம் எழுப்புவோர் கட்டும் சாரம் போன்றது. அதனிடையே சுண்ணமும் பாஸ்பேட்டும் படிகமாய் வளரும். பின்னர் என்சைம்கள் புரதத்தைச் சிதைத்து அகற்ற, அவ்விடத்தையும் படிகமே நிரப்பும். முற்றிய எனாமலில் எடையளவில் நூற்றுக்கு 96 பங்கு கனிப்பொருளாம். பணி முடித்த செல்களோ, பல் முளைக்குங்கால் முற்றும் அழிந்தொழியும். ஆகவே எனாமலில் நேர்ந்த குறையை உடல் மீண்டும் திருத்த வல்லதன்று.

இதனை ஈண்டுக் கூறுவது எற்றுக்கு? சாரற்காலத்தில் அருவிக்கரையில் வாய்விட்டுச் சிரிப்போர் நடுவே, கையால் வாய் பொத்திச் சிரிக்கும் சிறாரும் உளர். பற்களிற் பழுப்புக் கறை! பல் துலக்காதவன் என்று உடன் பயில்வோர் எள்ளுவர். கறைக்குக் காரணம் பலவாயினும், குடிநீரில் மிகுந்த புளோரைடு அவற்றுள் ஒன்று. அது மிகின், புரதச் சாரம் அகல்வது தாழ்க்கும். எனாமல் நுண்துளை உடையதாகும். அதிற் பின்னர்க் கறை ஏறும். ஏறக்குறைய எட்டு வயதிற்குள் பருகிய நீரால் விளைந்த இக்கேட்டை ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் போக்குமோ? அச்சிறார் செய்த குற்றந்தான் யாது?

அக்காலச் சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் உண்மையை ஷார்ட் என்னும் மருத்துவரும் அவருடன் உழைத்தோரும் 1937-இல் எழுதி வெளியிட்டனர். தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களை இதனின்று காக்கும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பெற்றது. நோய் கண்டபின் மருந்து தேடுவதினும் முன்னறிந்து காத்தல் எளிதன்றோ?

அருவிநீர் பாறைமேல் விரைந்தோடுவது. ஆழ்துளைக் கிணற்று நீரோ பாறையிடுக்கில் நெடிது தங்குவது. ஆதலின் தென்காசியைச் சூழ்ந்த சிற்றூர்களிற் சிறார் பருகும் கிணறு ஒவ்வொன்றையும் சோதித்து, புளோரைடு அளவைப் பள்ளிச் சுவரில் எழுதுதல் வேண்டும் என்பது நம் கருத்து. லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்புடைத்து. வேறு நீர் இல்லாவிடத்து 1.5 வரை ஒப்பலாம் என்பது இந்தியத் தரவிதி. நம் கல்லூரி மாணவர் விடுமுறையில் ஆற்றத்தக்க தொண்டு இது.

சிறியருள் ஒருவருக்குத் தண்ணீர் அளிப்போரை ஆண்டவர் மறவார் என்று நம்புகிறோம். அளிக்கும் நீரின் தன்மையை அறிந்து அளித்தலும் நம் கடனேயாம்.