விளையாடுவோரும் லினக்ஸும்

கணிப்பொறியில் விளையாடுவதை வீண்பொழுது என்று தள்ளிவிடுவோர் பலர். நாம் அவ்வாறு கருதுவதில்லை. பொறியின் உள்ளமைப்பைக் கற்கும் ஆர்வம் பலர்க்கு விளையாட்டிலேயே பிறக்கின்றது.

2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிவுற்றது. நன்கு உழைக்கும் பொறிகள் பல, விண்டோஸ் 11 கேட்கும் தகுதியின்றி நின்றுபோயின. அவற்றைக் குப்பையில் எறிவதா? லினக்ஸ் இருக்கின்றதே! அதன் கருவை 1991-இல் வெளியிட்டவர் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம்.

விண்டோஸுக்கென எழுதப்பெற்ற விளையாட்டுக்களை இதில் இயக்க, 1993-இல் தொடங்கிய ‘வைன்’ திட்டமும், அதனை அடிப்படையாகக் கொண்டு வால்வ் நிறுவனம் 2018-இல் அளித்த ‘புரோட்டான்’ நிரலும் உதவுகின்றன. விளையாட்டு விடுக்கும் அழைப்புக்களை லினக்ஸ் புரிந்துகொள்ளுமாறு அவை உடனுக்குடன் மாற்றித் தருகின்றன. எனினும், ஏமாற்றுவோரைத் தடுக்கும் காவல்நிரல் காரணமாகப் போட்டி விளையாட்டுக்கள் சில இன்னும் கதவு திறக்கவில்லை. இது நேர்மையாளரையும் வெளியே நிறுத்தும் காவல் என்பதே நம் எண்ணம்.

கோளாறு நேர்ந்தால் விடை தேடுவதுதான் பெரும்பாடு. வலைத்தளங்கள் பலவற்றின் உள்தேடல், சொல் சற்றே மாறினும் கைவிரித்துவிடும். பிழைச்செய்தியை மேற்கோள் குறிக்குள் அப்படியே இட்டு, பொதுத் தேடுபொறியில் தேடுவது மேல். கிடைத்த விடை எந்த ஆண்டினது என்பதையும் நோக்குக. பழைய தீர்வு புதிய பதிப்பைக் கெடுக்கவும் கூடும்.

மாற விரும்புவோர் முதலில் யூ.எஸ்.பி. குச்சியிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். குடும்பப் படங்களுக்கு வேறிடத்தில் படி எடுத்துவைத்த பின்னரே வன்தட்டில் நிறுவுக.