ஆரவாரமும் ரசனையும்



கரோல்பாகிலிருந்து அன்பர் ஒருவர் மிக்க வருத்தத்தோடு கடிதம் எழுதியிருக்கிறார். கல்லூரியில் பயிலும் அவருடைய மகள் 'பீட்டில்ஸ்' என்னும் ஆங்கில இசைக் குழுவின்மீது அளவிறந்த பற்றுக் கொண்டிருக்கிறாளாம். அறைச் சுவரில் அந்த நால்வரின் படம். காதில் எந்நேரமும் அவர்களுடைய பாட்டு. மார்கழியில் நம் சங்கம் நடத்திய கச்சேரிக்கு அழைத்தபோது, "எனக்கு அது விளங்கவில்லை, அப்பா" என்று சொல்லி வர மறுத்துவிட்டாளாம். "தமிழ்நாட்டை விட்டு வந்த நமக்கு எஞ்சியிருப்பவை மொழியும் இசையுந்தாம். அவற்றுள் ஒன்று என் வீட்டை விட்டுப் போய்விட்டதே, என் செய்வேன்?" என்று கேட்கிறார் அவர்.

இக்கேள்வி அவர் ஒருவருடையது அன்று. வெளியூரில் பிள்ளைகளை வளர்க்கும் நம் எல்லோருடையதுமாகும். ஆகவே இம்மாதம் இப்பகுதியை இதற்கே ஒதுக்குகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை: நானும் அந்த நால்வருக்கு நெடுநாள் அபிமானி. ஆதலின் என் தீர்ப்பில் சிறிது ஓரவஞ்சனை இருந்தால் அன்பர் பொறுத்தருள வேண்டும்.

யார் இந்த நால்வர்? இங்கிலாந்தின் மேற்குக் கரையில் மெர்சி ஆறு கடலோடு கலக்கும் இடத்திலுள்ள துறைமுக நகரம் லிவர்பூல். அங்கே எளிய குடும்பங்களில் பிறந்தவர்கள் ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகியோர். ஜார்ஜின் தந்தை பேருந்து ஓட்டியவர். பாலின் தந்தை பஞ்சு வியாபாரத்தில் விற்பனையாளராக இருந்தவர். பால் 14 வயதில் தாயை இழந்தார். ஜான் 17 வயதில் இழந்தார். ரிங்கோ நோயாளிச் சிறுவனாய் மருத்துவமனைகளில் நெடுங்காலம் கிடந்தவர். மேலைநாட்டுச் சுரக்குறிப்பைப் படிக்க நால்வரில் ஒருவரும் அறியார். ஜானும் பாலும் முதன்முதல் சந்தித்தது 1957 ஜூலை 6 அன்று, ஒரு மாதாகோயில் திருவிழாவில்.

அவர்களுடைய புகழைக் கண்டு வியப்பவர் பலர். உழைப்பைக் கண்டவர் சிலரே. 1960 முதல் 1962 வரை பலமுறை ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குச் சென்று, அங்குள்ள கேளிக்கை விடுதிகளில் இரவுதோறும் பல மணி நேரம் வாசித்தார்கள். அந்தச் சாதகத்தின் பயன் 1963 பிப்ரவரி 11 அன்று தெரிந்தது. தங்கள் முதல் இசைத்தட்டுக்கு வேண்டிய பத்துப் பாடல்களை அந்த ஒரே நாளில் அவர்கள் பாடிப் பதிவு செய்து முடித்தார்கள்.

அதன்பின் வந்தது ஆரவாரம். 1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர்கள் பாடியதை ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சம் பேர் கண்டார்கள். 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் நகரத்து ஷே விளையாட்டரங்கில் 55,000 பேர் கூடினார்கள். கூடியவர்கள் செய்தது என்ன? தொடக்கம் முதல் முடிவு வரை கூச்சலிட்டார்கள். பாடியவர்களுக்குத் தங்கள் குரலே கேட்கவில்லை. பின்னால் அமர்ந்து தாள வாத்தியம் வாசித்த ரிங்கோ, முன்னால் நிற்பவர்களின் உடலசைவைப் பார்த்துத்தான் பாட்டு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று அறிந்தாராம். பாட்டுக்காகக் கூடிய கூட்டம் பாட்டையே விழுங்கிவிட்டது. 1966 ஆகஸ்ட் 29 அன்று சான்பிரான்சிஸ்கோ நகரில் பாடியதோடு ஊர் ஊராகச் சென்று பாடுவதை அவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

கூச்சல் ஓய்ந்தது, இசை வளர்ந்தது. லண்டன் ஒலிப்பதிவு நிலையத்தில், ஜார்ஜ் மார்ட்டின் என்னும் சங்கீத வித்துவானின் துணையோடு, நாள் கணக்காக இருந்து பாடல்களைச் செதுக்கினார்கள். 1966-இல் வெளிவந்த 'எலினார் ரிக்பி' என்ற பாடலைச் சொல்லலாம். துணையின்றி வாழ்ந்து துணையின்றி மாண்ட ஒரு பெண்ணைப் பற்றியது அது. கித்தாரும் இல்லை, முரசும் இல்லை. நான்கு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோ என்னும் எட்டு நரம்புக் கருவிகள் மட்டுமே ஒலிக்கின்றன. 1967-இல் வந்த 'எ டே இன் த லைஃப்' பாடலிலோ, நாற்பது வாத்தியக்காரர்கள் தத்தம் கருவியின் அடித்தளச் சுரத்திலிருந்து உச்சச் சுரம்வரை மெல்ல மெல்ல ஏறுகிறார்கள். இறுதியில் பல பியானோக்களில் ஒருங்கே எழுப்பிய ஒலி நாற்பது விநாடிகளுக்குமேல் நின்று தேய்ந்து மறைகிறது. அந்த ஒலி முற்றும் அடங்கும்வரை மூச்சடக்கிக் கேட்பது ஓர் இன்பம். அமைதியாக இருப்பவனுக்கே அது கிட்டும்.

நிற்க. இந்த நால்வருக்கும் நம் தில்லிக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதை நம் பிள்ளைகள் அறிவார்களோ, என்னவோ! 1966 ஜூலையில் மணிலா நகரில், அதிபர் மாளிகை விருந்துக்குச் செல்லவில்லை என்பதற்காக அவர்கள் பெரிதும் அலைக்கழிக்கப்பட்டார்கள். அங்கிருந்து தப்பி வந்து இறங்கிய இடம் தில்லி. இங்கே தங்களை யாரும் அறியமாட்டார்கள் என்று எண்ணி வந்தவர்களை விமான நிலையத்திலேயே கூட்டம் எதிர்கொண்டது! அந்தப் பயணத்தின்போதுதான் கன்னாட் பிளேசிலுள்ள ரிக்கி ராம் இசைக்கருவிக் கடையின் சிதார் ஒன்றை ஜார்ஜ் வாங்கினார்.

ஜார்ஜ் ஹாரிசனைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். கோடிக்கணக்கானோர் அவருக்கு ரசிகர். அவரோ ரவிசங்கருக்கு ரசிகர். 1966 செப்டம்பரில் சிதார் பயில்வதற்காகவே பம்பாய்க்கு வந்தார். செய்தி பரவிக் கூட்டம் சூழ்ந்துகொள்ளவே, காஷ்மீரத்துப் படகு வீட்டுக்குப் போய்ப் பாடத்தைத் தொடர்ந்தார்கள். தொடக்க காலப் பாடம் ஒன்றின்போது தொலைபேசி மணி அடித்ததாம். எழுந்த ஜார்ஜ் சிதாரைத் தாண்டிக் கால் வைத்தார். ரவிசங்கர் அவர் காலில் ஓர் அடி கொடுத்து, கருவிக்கு மரியாதை செய்யக் கற்றுக்கொள் என்றாராம். உலகமே கொண்டாடிய 23 வயது இளைஞர் அந்த அடியைப் பணிவோடு ஏற்றார். பிற்காலத்தில் தாமே அதைச் சொல்லி மகிழ்ந்தார். புத்தகத்தில் கால் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

ஓரிரண்டு ஆண்டுப் பயிற்சிக்குப் பின், சிதாரில் தாம் பெரிய வித்துவான் ஆக இயலாது என்பதை ஜார்ஜ் உணர்ந்து கித்தாருக்கே திரும்பினார். ஆயினும் அன்பு குறையவில்லை. 1968 ஜனவரியில் பம்பாய் எச்.எம்.வி. நிலையத்தில் நம் நாட்டுக் கலைஞர்களைக் கொண்டு இசை பதிவு செய்தார். கிழக்கு வங்கத்து அகதிகளுக்கு உதவவேண்டும் என்று ரவிசங்கர் கேட்டபோது, 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் பெரும் நிகழ்ச்சியை நடத்தினார். 1974-இல் அவர் முன்னின்று ஐரோப்பாவுக்கு அனுப்பிய இந்திய இசைக் குழுவில் வயலின் எல். சுப்பிரமணியமும் மிருதங்கம் டி. வி. கோபாலகிருஷ்ணனும் இருந்தார்கள். 1997-இல் ரவிசங்கருக்காக அவர் தயாரித்த மந்திர இசைத்தொகுப்பின் ஒரு பகுதி சென்னையிலேயே பதிவாயிற்று. 2001-இல் மறையும்வரை முப்பத்தைந்து ஆண்டுகள் அந்த ரசனை நிலைத்தது.

அந்த 1971 நிகழ்ச்சியில் ஒரு வேடிக்கை. ரவிசங்கரும் அலி அக்பர்கானும் சுருதி சேர்த்து முடித்ததும் அரங்கம் அதிரக் கைதட்டியது. சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் இனி வாசிக்கப்போவது இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன் என்றார் ரவிசங்கர்!

ஆரவாரம் வேடிக்கையோடு நிற்பதில்லை. ஜான் சமயத்தைப் பற்றிச் சொன்ன ஒரு சொல்லுக்காக, 1966-இல் அமெரிக்கத் தென்மாநிலங்களில் அவர்களுடைய இசைத்தட்டுகளைத் தெருவில் குவித்துக் கொளுத்தினார்கள். 1980 டிசம்பர் 8 அன்று ஜானை அவர் வீட்டு வாயிலிலேயே சுட்டுக் கொன்றவன், அன்று மாலைதான் அவரிடம் கையொப்பம் பெற்றுச் சென்றவன். கொண்டாடுவதும் கொளுத்துவதும் நாம் நினைப்பதுபோல் எட்ட எட்ட இருப்பவை அல்ல. இடையில் நின்று காப்பது செவி. வள்ளுவர் 'கேள்வி' என ஓர் அதிகாரமே வகுத்துப் போற்றியது.

இனி, கரோல்பாக் அன்பருக்கு என் விடை. 1970-இல் கலைந்துபோன ஒரு குழுவை இன்று தேடிக் கண்டுபிடித்துக் கேட்கும் பெண்ணிடம் செவி இருக்கிறது, அஞ்சவேண்டாம். சுவர்ப் படத்தைப் பற்றிப் பேசாமல், பாட்டைப் பற்றி அவளிடம் கேளுங்கள். 1965-இல் வந்த 'நார்வீஜியன் வுட்' என்ற பாடலைப் போடச் சொல்லுங்கள். ஜார்ஜ் முதன்முதல் சிதார் வாசித்தது அதில்தான். அதன் மெட்டுத் தொடங்குவது நம் ஹரிகாம்போஜி மேளத்துச் சுரங்களில். நடுப்பகுதியில் அந்தர காந்தாரம் இறங்கிச் சாதாரண காந்தாரமாகிறது. கரகரப்ரியாவின் சாயல் வருகிறது. ஒரே ஒரு சுரம் மாற, பாட்டின் முகமே மாறிவிடுகிறது. அந்த இடத்தை உங்கள் மகள் எத்தனையோ முறை உணர்ந்திருப்பாள். அதன் பெயரை நீங்கள் சொல்லலாம். 'விதின் யூ விதவுட் யூ' என்ற பாடலின் நடுவில் வாத்தியங்கள் பத்து மாத்திரைத் தாளத்துக்கு மாறுகின்றன. கண்ட ஜாதிக் கணக்குப் பழகிய நீங்கள் தொடையில் தட்டிக் காட்டினால் அவள் நிச்சயம் நிமிர்ந்து பார்ப்பாள்.

அந்தப் பெண்ணுக்கும் ஒரு வார்த்தை. அம்மா, "விளங்கவில்லை" என்று நீ சொன்னது பொய்யன்று. உன் ஜார்ஜுக்கும் முதலில் சிதார் விளங்கவில்லை. மடக்கிய கால் வலிக்க உட்கார்ந்து, சரளி வரிசை போன்ற பயிற்சிகளைச் சிறுபிள்ளைபோல் தொடங்கினார். அவருக்குரிய பொறுமையில் ஒரு பங்கை உன் தந்தையின் இசைக்கும் கொடுத்துப் பார்.

பெரியவர்களாகிய நாம் மட்டும் குறையற்றவர்களா? நம் சபைக் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எத்தனை நாற்காலிகள் காலியாகின்றன, சிற்றுண்டிச் சாலையில் எத்தனை கூட்டம் சேர்கிறது என்பதை நம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஷே அரங்கில் கூச்சலிட்டவர்களுக்கும் மிருதங்கத்தை விட்டுக் காப்பிக்கு எழுந்து போகிறவர்களுக்கும் பெரிய வேற்றுமை இல்லை. இரு சாராரும் கேட்கவில்லை.

ஆகவே, அடுத்த மார்கழிக் கச்சேரிக்குத் தந்தை மகளை அழைக்குமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் மகளின் அறையில் போய் உட்கார்ந்து அவள் தேர்ந்தெடுக்கும் நான்கு பாடல்களைக் கேட்கட்டும். குறுக்கே பேசாமல் கேட்கட்டும். பிறகு அழைத்தால் அவள் வருவாள் என்றே நம்புகிறேன். தனி ஆவர்த்தனம் முடியும்வரை இருவரும் இருக்கைகளில் இருப்பார்களாக.