மண்ணைக் கொட்டி மறித்த சாலைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொரோனாக் காலத்தைப் பற்றிப் பேசும்போது ஊரடங்கும் தடுப்பூசியும் நினைவுக்கு வருகின்றன. மாநில எல்லைகளில் நடந்ததற்கு மட்டும் யாரும் கணக்குக் கேட்பதில்லை. 2020 மார்ச்சில் கேரளத்தின் காசர்கோட்டிலிருந்து மங்களூரு செல்லும் நெடுஞ்சாலையைக் கர்நாடக அரசு எல்லையில் உள்ள தலப்பாடியில் மறித்தது. எல்லையோர ஊர்ச் சாலைகள் பலவற்றில் மண்ணைக் கொட்டி அடைத்தார்கள். 1956 வரை காசர்கோடு, மங்களூருவோடு சேர்ந்து தென்கன்னட மாவட்டத்தில் இருந்த பகுதி. டயாலிசிஸ், பிரசவம், புற்றுநோய் என்று எதற்கும் அங்குள்ளவர்கள் பலர் போவது மங்களூரு ஆஸ்பத்திரிகளுக்குத்தான். ஆம்புலன்ஸ்கள் எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டு, சிகிச்சை கிடைக்காமல் பலர் இறந்தார்கள்.

அன்று காசர்கோட்டில் தொற்று அதிகம், தன் மக்களைக் காப்பது கர்நாடக அரசின் கடமை அல்லவா என்று கேட்கலாம். கடமைதான். ஆனால் அதற்குச் சாலையை அடைப்பதுதான் வழி என்பதை ஏற்க முடியாது. தடையை நீக்க ஏப்ரல் 1 அன்று கேரள உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்கு உச்சநீதிமன்றம் போன பிறகு, நோயாளிகளைப் பரிசோதித்து அனுமதிக்க ஒரே வாரத்தில் நடைமுறை வகுக்கப்பட்டது. ஏப்ரல் 7-இல் முடிந்த ஏற்பாட்டை மார்ச்சிலேயே செய்திருக்கலாம். சரக்கு லாரிகளைத் தடுக்கக் கூடாது என்று மத்திய அரசு சொன்னது. லாரி ஓட்டுநருக்குத் திறக்கும் சாலை நோயாளிக்கு ஏன் திறக்கவில்லை?

கர்நாடகத்தை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. நீதிமன்றத்தில் இந்தத் தடையை எதிர்த்த அதே கேரளம், மே மாதம் தமிழ்நாட்டிலிருந்து ஊர் திரும்பிய தன் மக்களைப் பாஸ் இல்லை என்று எல்லையில் உள்ள வாளையாறில் நிறுத்தியது; அவர்களுக்காகவும் உயர்நீதிமன்றமே பேச வேண்டியிருந்தது. 2021-இல் கேரளத்திலிருந்து வருபவர்களிடம் கர்நாடகம் 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர் கொரோனாப் பரிசோதனைச் சான்று கேட்டது. விமானத்தில் எப்போதாவது வருபவருக்கு அது பொருந்தலாம். தினமும் எல்லை தாண்டி வேலைக்கும் கல்லூரிக்கும் போகிறவர் எத்தனை முறைதான் மூக்கை நீட்டுவார்? எல்லையோரத்தில் வாழ்கிறவர்களைப் போதிய அளவு மனதில் வைத்து விதிகள் எழுதப்படவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

1897-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டம் இன்றைக்குப் போதாது என்று சட்ட ஆணையமே 2024-இல் அறிக்கை தந்துவிட்டது. புதிய சட்டம் எழுதும்போது, நோயாளிக்கும் அன்றாடம் எல்லை கடப்பவருக்கும் எந்த மாநிலமும் சாலையை அடைக்கக் கூடாது என்ற பிரிவைச் சேர்க்க வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை அவையில் எழுப்ப வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பொள்ளாச்சி