குளம் சதுரமாகத் தெரிவதில்லை

கோடை விடுமுறை வந்தால் போதும், திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகத்திலிருந்து கிழக்கே கோட்டை வரை ட்ராயிங் கிளாஸ் விளம்பரங்கள் முளைத்துவிடும். வாசகம் மாறும், சரக்கு ஒன்றுதான்: வட்டம், சதுரம், முக்கோணம் போடத் தெரிந்தால் உலகில் எதையும் வரைந்துவிடலாம். பெற்றோர் நம்புகிறார்கள், ஆசிரியர்களும் நம்பியே சொல்லித்தருகிறார்கள். எனக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. பிள்ளைகளைப் பார்க்கவிடாமல் செய்யும் பயிற்சி இது.

பூனையை எடுத்துக்கொள்வோம். பெரிய வட்டம் உடம்பு, சின்ன வட்டம் தலை, இரண்டு முக்கோணம் காது, வளைத்து ஒரு வால். ஐந்து நிமிடத்தில் பூனை தயார், அம்மாவுக்கும் சந்தோஷம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை பூனையை ஏறெடுத்தும் பார்க்காது. மதில்மேல் உட்கார்ந்திருக்கும் பூனைக்குக் கழுத்து எங்கே முடிகிறது, முதுகு எங்கே தொடங்குகிறது என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. பிடரியிலிருந்து வால்வரை ஒரே சரிவு. அதுவே பதுங்கி நடக்கும்போது தோள்பட்டை எலும்பு முதுகைவிட உயர்ந்து துருத்தும். இரண்டு வட்டத்தில் இதெல்லாம் எங்கே இருக்கிறது?

‘இயற்கைக் காட்சி’ என்று ஒன்று உண்டு. இரண்டு முக்கோண மலை, நடுவில் அரைவட்டச் சூரியன், வளைந்து வரும் ஆறு, ஒரு குடிசை. சங்குமுகத்தில் சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்த்து வளரும் பிள்ளைகளும் அதை இரண்டு மலைக்கு நடுவில்தான் செருகுகிறார்கள். போட்டியில் பரிசும் வாங்குகிறார்கள்!

கோவில் குளத்தை வரையச் சொன்னால் சதுரம் போட்டு நீலம் அடித்துவிடுவார்கள். ஸ்ரீவராகம் கோவில் குளம் பெரியது. ஆனால் கரையில் உட்கார்ந்து பார்த்தால் அத்தனை தண்ணீரும் கண்ணுக்கு மெலிந்த ஒரு பட்டையாகத்தான் கிடைக்கும். பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி அளந்து பாருங்கள்: அகலத்தில் சிறு பங்குகூட உயரம் தேறாது. பக்கக் கரைகள் தூரம் போகப்போக உள்நோக்கிச் சாயும். குடத்தின் வாய் வட்டம்தான். ஆனால் நேர் மேலிருந்து குனிந்து பார்த்தாலொழிய அது வட்டமாகத் தெரிவதே இல்லை. நமக்குத் தெரிந்த வடிவம் ஒன்று, கண்ணில் விழுவது இன்னொன்று. வரையக் கற்பதில் முக்கால் பங்கு இந்த இரண்டையும் பிரித்தறிவதிலேயே போகும். அந்த முக்கால் பங்கைத்தான் கிளாஸில் விட்டுவிடுகிறார்கள்.

கேட்டால் பிரெஞ்சு ஓவியர் செசானைச் சாட்சிக்கு அழைப்பார்கள். இயற்கையை உருளை, கோளம், கூம்பு என்று கையாளச் சொல்லி அவர் ஓவியர் எமில் பெர்னாருக்குக் கடிதம் எழுதியது உண்மை. 1904 ஏப்ரலில் எழுதினார், அப்போது அவருக்கு 65 வயது. ஒரே மலையைத் திரும்பத்திரும்ப வரைந்து தேய்ந்த மனிதர். அதே வாக்கியத்தில், எல்லாவற்றையும் தொலைவுக் காட்சிக்கு உட்படுத்தி என்றும் சேர்த்திருந்தார். நம்மவர்கள் முன்பாதியை எடுத்துக்கொண்டு பின்பாதியைக் கைகழுவிவிட்டார்கள். போதாக்குறைக்கு அவர் சொன்னவை கன உருவங்கள்; இவர்கள் சொல்லித்தருவது தட்டை வடிவங்கள்.

நம் மரபே கணக்குதானே என்று கேட்பவர்களும் உண்டு. பத்மநாபசுவாமி கோவில் சுவரோவியங்களுக்குப் பின்னால் தாள அளவு இருக்கிறது, வாசலில் புள்ளிக்கோலம் இருக்கிறது என்பார்கள். தாளம் என்பது முகத்தின் நீளத்தை அலகாக வைத்து மற்ற உறுப்புகளை அளப்பது. உறுப்புக்கு உறுப்பு ஒப்பிடுகிற வேலை அது. வட்டத்தைத் தலை என்று நம்பவைக்கும் வேலை இல்லை. கோலமோ எதிரில் இருக்கும் எதையும் காட்ட வருவதில்லை. அதன் நேர்த்தி அதற்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

இதே ஊரில் நடந்த கதை ஒன்றும் இருக்கிறது. 1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஓவியர் அரண்மனைக்கு வந்தபோது, ரவிவர்மாவுக்கு எண்ணெய் வண்ணம் கற்றுத்தர அவருக்கு மனமில்லை. வரைவதைப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார். இருபது வயது இளைஞனுக்கு அது போதுமாயிருந்தது. மேதைக்குப் போதும், எங்கள் பிள்ளைக்குப் போதுமா என்று கேட்பீர்கள். பார்ப்பதற்கு மேதைமை எதற்கு?

வடிவங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அனிமேஷனுக்குப் போகிறவர் ஒரே பாத்திரத்தை நூறு கோணத்தில் வரைய வேண்டும். பெட்டி, உருளை என்று கட்டிப் பழகாமல் அது நடக்காது. இடுப்பில் கைவைத்து நிற்பவரின் கைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு முக்கோணச் சந்து தெரியும். அதன் சாய்வைச் சரியாகப் பிடித்தால் கை தானாக அமையும். அந்த முக்கோணம் பார்த்துக் கண்டுபிடித்தது, முதல் நாளே கையில் திணித்ததல்ல.

ஓவியப் போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு கோரிக்கை. இனி இயற்கைக் காட்சி என்று தலைப்புக் கொடுக்காதீர்கள். நடுவில் ஒரு திறந்த குடையையும் ஒரு ஜோடி பழைய செருப்பையும் வைத்துப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவையுங்கள். ஒவ்வொருவர் இடத்திலிருந்தும் வேறு குடைதான் தெரியும். அச்சடித்தாற்போல ஒரே குடை இரண்டு தாளில் வந்தால், இரண்டையும் பரிசுக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.